தொல்லை கொடுத்தவன் பெயர்தான் மிஞ்சியது
(மைசூரில் நம் சங்கக் குடும்பங்களின் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்றைய கூட்டத்தில் எங்களைப் பேசச் சொன்னபோது, காவிரியைப் பற்றிப் பேசுங்கள் என்றார்கள் சிலர். மொழியைப் பற்றிப் பேசுங்கள் என்றார்கள் சிலர். அவற்றைப் பேச நம்மிடம் நல்ல பேச்சாளர்கள் இருக்கிறார்கள். நாங்கள் ஒரு காகிதத்தைப் பற்றியும், அதைத் தேடப் போய் எங்கள் குடும்பத்தில் கண்டுபிடித்த ஒரு பையனைப் பற்றியும் பேச வந்திருக்கிறோம். அந்தப் பையன் எங்கள் பாட்டனாரின் தம்பி. நாங்கள் சின்னத் தாத்தா என்று சொல்ல வேண்டிய உறவு. ஆனால் வீட்டில் அவரை அப்படி யாரும் சொன்னதில்லை. "கல்லுத் திருடன்" என்பார்கள்; "ஓடிப்போனவன்" என்பார்கள். அவருடைய சொந்தப் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது.

காகிதம் கேட்டார்கள்

எங்கள் பேத்தி பன்னிரண்டாம் வகுப்பு முடித்தாள். நர்ஸ் படிப்புக்கு விண்ணப்பம் போட வேண்டும். அதற்குச் சாதிச் சான்றிதழ் வேண்டும். ஒரு அலுவலகத்திற்குப் போனோம். மேசைக்குப் பின்னால் இருந்தவர் நல்ல மனிதர்தான்; உட்காரச் சொன்னார். "நீங்கள் தமிழர்கள். தமிழ்நாட்டில் போய் வாங்கிக்கொள்ளுங்கள்" என்றார். "ஐயா, நாங்கள் நான்கு தலைமுறையாக இந்த மாநிலத்தில் இருக்கிறோம். தமிழ்நாட்டில் எங்களுக்கு வீடுமில்லை, வாசலுமில்லை" என்றோம். "அப்படியானால் 1950-க்கு முன்பே இங்கே இருந்ததற்கு ஆதாரம் கொண்டு வாருங்கள்" என்றார்.

இந்த 1950 என்ன கணக்கு என்று பலருக்குத் தெரிவதில்லை; அதனால் கொஞ்சம் விளக்கிச் சொல்கிறோம். எந்த மாநிலத்தில் எந்தச் சாதிகள் தாழ்த்தப்பட்ட சாதிகள் என்ற பட்டியலைக் குடியரசுத் தலைவர் 1950 ஆகஸ்ட் 10-ஆம் நாள் வெளியிட்டார். அந்த நாளில் ஒரு குடும்பம் எந்த மாநிலத்தில் நிலையாகக் குடியிருந்ததோ, அந்த மாநிலத்தில்தான் அந்தக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு உரிமை. பிறகு பிழைக்க வேறு மாநிலம் போனால் உரிமை கூடவே வராது. 1990-இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வும், ஆந்திரத்திலிருந்து மகாராஷ்டிரம் போன ஒரு மாணவரின் வழக்கில் இதை உறுதி செய்தது. ஆக, நம் பாட்டன் எந்த ஆண்டில் ரயிலேறினான் என்பதைப் பொறுத்து நம் பேத்தியின் படிப்பு நிற்கிறது. தீண்டாமை மாநில எல்லை பார்த்து நிற்பதில்லை தோழர்களே. சலுகை மட்டும் எல்லையில் நின்றுவிடுகிறது!

எங்கள் குடும்பம் குடியாத்தம் பக்கத்திலிருந்து கோலார் தங்கவயலுக்குப் போன குடும்பம். முதல் உலகப் போருக்கு முன்பே போனவர்கள். எங்கள் அப்பா பிறந்தது தங்கவயல் லைன் வீட்டில். பிறகு பிழைப்புக்காக மைசூருக்கு வந்தவரும் அவர்தான். தங்கவயலும் அன்று மைசூர் சமஸ்தானம், மைசூரும் மைசூர் சமஸ்தானம். எங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் உரிமை இருந்தால் போதாது, காகிதம் வேண்டும்.

தலையை எண்ணினார்கள், பெயரை வைக்கவில்லை

முதலில் எங்களுக்குத் தோன்றியது ஜனக் கணக்கு. 1911 மார்ச் 10-ஆம் நாள் இரவு சமஸ்தானம் முழுவதும் தலை எண்ணினார்கள். 1921 மார்ச் 18-ஆம் நாள் மறுபடியும் எண்ணினார்கள். ஒரே இரவில் எல்லோரையும் எண்ணி முடிப்பது அந்தக் காலத்து முறை. தங்கவயல் லைன்களிலும், தட்டி வீடுகளிலும் லாந்தர் வைத்துக்கொண்டு எழுதியிருப்பார்கள். பெயர், வயது, சாதி, மொழி, தொழில், பிறந்த மாவட்டம் எல்லாம் கேட்டிருப்பார்கள். அந்தத் தாள் கிடைத்தால் நம் பாட்டன் பெயர் இருக்குமே என்று ஆசைப்பட்டோம்.

விசாரித்தபோதுதான் தெரிந்தது. நம் நாட்டில் அந்தத் தாள்களை வைப்பதில்லை. கூட்டிக் கழித்து அட்டவணை போட்டதும் அழித்துவிடுவார்கள். மிஞ்சுவது தடித்தடியான அறிக்கைகள். அதில் வட ஆற்காட்டில் பிறந்தவர்கள் எத்தனை பேர், தமிழ் பேசுபவர்கள் எத்தனை பேர் என்று இருக்கும். நம் பாட்டன் அதில் ஒரு புள்ளியாக இருப்பார். எந்தப் புள்ளி என்று யாராலும் காட்ட முடியாது. தாளே கிடைத்தாலும் பயனில்லை. 1948-ஆம் ஆண்டு ஜனக் கணக்குச் சட்டத்தின் 15-ஆவது பிரிவு, அந்தப் பதிவுகளை யாரும் பார்வையிட முடியாது, வழக்கில் சாட்சியமாகவும் காட்ட முடியாது என்று சொல்கிறது.

இதே வெள்ளைக்காரன் தன் நாட்டில் என்ன செய்தான்? நூறு ஆண்டு பூட்டி வைத்துவிட்டுப் பிறகு திறந்துவிடுகிறான். இங்கிலாந்தில் 1921-இல் எழுதிய தாள்களை 2022 ஜனவரியில் திறந்தார்கள். அங்கே ஒரு சுரங்கத் தொழிலாளியின் பேரன், தன் பாட்டன் எந்தத் தெருவில் எத்தனை அறை வீட்டில் இருந்தான், எந்த முதலாளியிடம் வேலை செய்தான் என்று பாட்டனாரின் சொந்தக் கையெழுத்திலேயே படிக்கலாம். எங்கள் பாட்டனும் சுரங்கத் தொழிலாளிதான். அதே வெள்ளைக்காரக் கம்பெனிகளுக்குத் தங்கம் வெட்டியவர்தான். அவர் பெயர் மட்டும் அட்டவணை போட்டு முடிந்ததும் தேவையற்றதாகப் போயிற்று.

வெற்றிலைப் பெட்டியில் ஒரு வட்டம்

அப்போதுதான் எங்கள் அத்தை ஒரு விஷயம் சொன்னார். "அந்த ஓடிப்போனவன் பட்டாளத்துக்குப் போனானாமே, பஸ்ராவுக்கு. அவன் சாமான் ஒன்று அம்மாவின் வெற்றிலைப் பெட்டியில் கிடக்கும்" என்றார். தேடி எடுத்தோம். உள்ளங்கையளவு வட்டம், களிம்பு ஏறிக் கறுத்திருந்தது. புளி போட்டுத் தேய்த்தோம். ஒரு பக்கம் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் தலை. மறுபக்கம் குதிரை மேல் ஒரு வீரன். 1914, 1918 என்று ஆண்டுகள். முதல் உலகப் போரின் பதக்கம் அது.

அத்தை இன்னொன்றும் சொன்னார். ஒரு கஷ்ட காலத்தில் பாட்டி அதை அடகுக் கடைக்கு எடுத்துப் போனாராம். சேட்டு உரசிப் பார்த்துவிட்டு, "இது வெள்ளி இல்லை, வேண்டாம்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாராம். எங்களுக்கு ஆச்சரியமாக இருந்தது. பட்டாளத்துக்காரர்களுக்கு வெள்ளிப் பதக்கம் அல்லவா கொடுத்தார்கள்? கேட்டறிந்தபோது உண்மை விளங்கிற்று. துப்பாக்கி பிடித்தவனுக்கு வெள்ளி. மண்வெட்டி பிடித்தவனுக்கு வெண்கலம். ஒரே போர், ஒரே மன்னர், ஒரே அச்சு; கூலிப்படைக்கு மட்டும் மட்டமான உலோகம்! அந்த அவமானம்தான் அதைக் காப்பாற்றியது. வெள்ளியாக இருந்திருந்தால் என்றைக்கோ உருகிக் கொலுசாகியிருக்கும்.

பதக்கத்தின் விளிம்பைச் சுற்றி ஆங்கிலத்தில் சிறிய எழுத்துகள். பேத்திதான் விளக்கில் காட்டிப் படித்தாள். ஒரு எண், ஒரு பெயர், கூலிப்படை என்பதற்கான சுருக்கெழுத்து. எழுபது வயதில் எங்கள் சின்னத் தாத்தாவின் பெயரை முதல் முறையாகக் கேட்டோம். வெள்ளைக்கார எழுத்தன் காதில் விழுந்தபடி எழுதியதால் கொஞ்சம் கோணலாக இருந்தது. ஆனாலும் பெயர், பெயர்தானே!

யார் இந்தப் பையன்?

பெயர் கிடைத்த பிறகு, அத்தையின் நினைவுகளையும் தெரிந்த வரலாற்றையும் சேர்த்துப் பார்த்தோம்.

அவருக்குப் பதினாறு வயதிருக்கும்போது, மடியில் கல் வைத்திருந்ததாகப் பிடித்தார்களாம். தங்கம் கலந்த கல். மைசூர் சமஸ்தானத்தில் 1897-இல் ஒரு சுரங்கச் சட்டம் போட்டார்கள். சாதாரண வழக்கில் திருடினான் என்று போலீஸ் நிரூபிக்க வேண்டும். அந்தச் சட்டத்திலோ, கல் எப்படிக் கைக்கு வந்தது என்று பிடிபட்டவன்தான் கணக்குச் சொல்ல வேண்டும். பதினாறு வயதுப் பையன், எழுத்தறியாதவன், வெள்ளைக்கார அதிகாரி முன்னால் என்ன கணக்குச் சொல்வான்? சிறைக்குப் போனான். வெளியே வந்ததும் எந்த மேஸ்திரியும் வேலைக்கு எடுக்கவில்லை. வீட்டில் அண்ணனுக்கும் பயம்; இவனை வைத்திருந்தால் தன் வேலையும் போகும் என்று. ஒரு நாள் இரவு வாக்குவாதம் முற்றி, தம்பி தட்டிக் கதவை உதைத்துவிட்டுப் போனவன், பிறகு பஸ்ராவுக்குக் கப்பலேறினான் என்பது செய்தி.

அந்தக் காலத்தில் வேலை கிடைக்காதவனுக்கும், வீட்டோடு சண்டை போட்டவனுக்கும், சிறை சென்றவனுக்கும் திறந்திருந்த ஒரே கதவு போர்தான். மெசபொட்டேமியாவில், அதாவது இன்றைய இராக்கில், துறைமுகம் கட்டவும் ரயில் பாதை போடவும் மூட்டை தூக்கவும் ஆள் வேண்டியிருந்தது. சிறைகளிலிருந்தே ஏறத்தாழ 16,000 கைதிகளைத் தண்டனைக் குறைப்பு ஆசை காட்டி அங்கே கொண்டு போனார்கள். போர்க் காலத்தில் இந்தியாவில் எடுத்த ஏறத்தாழ 14 லட்சத்து 40 ஆயிரம் பேரில், 5 லட்சத்து 63 ஆயிரம் பேர் போர் வீரர்கள் அல்லர்; கூலிகள், சுமைதூக்கிகள், சமையற்காரர்கள், கோவேறு கழுதை ஓட்டியவர்கள், துப்புரவு செய்தவர்கள். சென்னை மாகாணத்தில் மட்டும் படைக்கு 51 ஆயிரம், கூலிக்கு 41 ஆயிரம். மைசூர் மகாராஜா போருக்கு 50 லட்சம் ரூபாய் கொடுத்தார் என்று பாடப் புத்தகத்தில் இருக்கிறது. 1918 செப்டம்பர் 23-இல் மைசூர்க் குதிரைப்படை ஹைஃபா நகரைப் பிடிக்கப் போரிட்டது என்று விழா எடுக்கிறார்கள். எடுக்கட்டும், வீரம் வீரம்தான். ஆனால் மண் சுமந்தவனுக்கு விழா உண்டா?

எங்கள் சின்னத் தாத்தா அங்கேயே செத்திருப்பாரோ என்று, காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் வைத்திருக்கும் இறந்தோர் பட்டியலில் தேடினோம். மகன் பெயர், தகப்பன் பெயர், கிராமம், தாலுகா எல்லாம் பலருக்கு எழுதியிருக்கிறது. குடியாத்தம், வாலாஜா, ஆற்காடு என்று படிக்கப் படிக்கக் கண் கலங்கியது. நம் ஊர்ப் பிள்ளைகள்! எங்கள் பையன் பெயர் அதில் இல்லை.

அந்தப் பட்டியலின் கதையையும் சொல்ல வேண்டும். பஸ்ராவில் பெரிய நினைவுச் சின்னம் கட்டினார்கள். வெள்ளைக்கார வீரர்களின் பெயரைச் சுவரில் வெட்டினார்கள். இந்தியச் சிப்பாய்களுக்கு, இந்தப் படையில் இத்தனை பேர் என்று எண்ணிக்கை மட்டும். 2021 ஏப்ரலில் அந்த ஆணையமே ஓர் அறிக்கை வெளியிட்டு மன்னிப்புக் கேட்டது. குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர்வரை, பெயரோடு நினைக்கப்படவே இல்லை என்று ஒப்புக்கொண்டது. பெரும்பாலோர் கிழக்கு ஆப்பிரிக்கர்கள், எகிப்தியர்கள்.

அவ்வளவு தூரம் போவானேன்? தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் பல கிராமங்களில் ஒரு சின்னக் கல் பதித்திருக்கும். இந்தக் கிராமத்திலிருந்து பெரும் போருக்கு இத்தனை பேர் போனார்கள், இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள் என்று இரண்டு எண்கள். அவ்வளவே. ஊர் முழுக்க அறிந்த பிள்ளைகளுக்கு, அவர்கள் பிறந்த ஊரிலேயே பெயர் இல்லை!

நாய்க்கும் பெயர் வைத்த மண்

இது நம் வழக்கமா தோழர்களே? இல்லை. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது. ஏறத்தாழ 1,400 ஆண்டுப் பழையது. மகேந்திரவர்மப் பல்லவன் காலத்தது. மாடு பிடிச் சண்டையில் செத்த வீரனின் பெயரை எழுதினார்கள். கூடவே நின்று கள்வர்களைக் கடித்த நாயின் பெயரையும் எழுதினார்கள்: கோவிவன்.

அது தமிழ் மண் என்றால், நாம் வாழ்கிற இந்தக் கன்னட மண்ணிலும் அப்படித்தான். பக்கத்து மண்டியா மாவட்டம் ஆதகூரில், ஏறத்தாழ 950-ஆம் ஆண்டில் ஒரு கல் நட்டார்கள். காட்டுப் பன்றியோடு போராடிச் செத்த வேட்டை நாய்க்கு அது. நாயின் பெயர் காளி. சோழ இளவரசன் இராசாதித்தன் விழுந்த தக்கோலப் போரையும் அதே கல்தான் சொல்கிறது. அரசர்கள் தமிழன், கன்னடன் என்று மோதிக்கொண்டார்கள். ஆனால் செத்தவனைப் பெயர் சொல்லி நினைப்பதில் இரு மக்களுக்கும் ஒரே மனசு. மனிதனை எண்ணாக மாற்றியது நம் அண்டை வீட்டுக் கன்னடத் தொழிலாளி அல்லன். அவன் தாத்தாவும் அதே எண்ணுக்குள்தான் கிடக்கிறான்.

கையெழுத்து

இனி கதையின் முடிவு. அப்பா சிறு வயதில் படித்த பள்ளிக்கூடத்தைத் தேடித் தங்கவயலுக்குப் போனோம். 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கத்தை மூடிய பிறகு அந்த ஊர் எப்படி இருக்கிறது என்று உங்களில் பலருக்குத் தெரியும். பள்ளியில் பழைய சேர்க்கைப் பதிவேடு இருந்தது. ஓரங்களைச் செல் அரித்திருந்தாலும் எழுத்து தெளிவாக இருந்தது. 1934-ஆம் ஆண்டுப் பக்கத்தில் எங்கள் அப்பாவின் பெயரில் மூன்று பையன்கள். மூவரும் ஒரே சாதி, மூவருக்கும் ஏறத்தாழ ஒரே வயது. இதில் எவர் நம்மவர்? இருவருக்குத் தகப்பன் பெயர் இருந்தது. எங்கள் பாட்டனார் பெயர் இல்லை. மூன்றாவது பையனுக்குத் தகப்பன் இறந்துவிட்டார் என்று குறிப்பு. எங்கள் பாட்டனார் பாறை வெடிப்பில் இறந்தவர். எங்களுக்கு உடம்பு சிலிர்த்தது. காப்பாளர் என்ற கட்டத்தில் ஒரு பெயர். உறவு: சிற்றப்பன். ஊர்: குடியாத்தம் தாலுகா.

அந்தப் பெயர், பதக்கத்தின் விளிம்பில் இருந்த பெயர்.

மற்றக் கட்டங்களில் எல்லாம் கைநாட்டு. இந்த ஒரு கட்டத்தில் கையெழுத்து. தமிழில், கோணல் மாணலாக. எழுத்தறியாமல் போன பையன் எங்கேயோ எழுத்துக் கற்றுக்கொண்டு வந்திருக்கிறார். அண்ணன் செத்த பிறகு, தன்னை வீட்டில் வைத்துக்கொள்ளப் பயந்த அண்ணனின் மகனைக் கையைப் பிடித்துப் பள்ளிக்குக் கூட்டிப் போயிருக்கிறார். அதை எங்கள் வீட்டில் யாரும் சொல்லவில்லை. கல் எடுத்ததை மட்டும் நாற்பது வருடம் சொன்னார்கள்.

பதிவேட்டின் நகலையும் பதக்கத்தையும் அதே மேசையில் கொண்டு போய் வைத்தோம். ஏழு மாதம் நடந்தோம். சான்றிதழ் வந்தது. பேத்திக்கு ஒரு வருடம் போயிற்று. ஆனால் இப்போது படிக்கிறாள். அவளுடைய படிப்புக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் யார்? கல்லுத் திருடன்!

நாம் செய்ய வேண்டியது

நன்றாக யோசித்துப் பாருங்கள். எங்கள் பாட்டனார் ஒழுங்காக வேலைக்குப் போனார், ஒழுங்காகச் செத்தார். அவர் பெயர் எங்கும் இல்லை. தொல்லை கொடுத்த தம்பியின் பெயரைத்தான் சர்க்கார் உலோகத்தில் அடித்து வைத்தது. பாட்டியோ சுரங்கத்து மேல்தளத்தில் கல் பொறுக்கியவர்; அவர் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. முதலாளியின் பதிவேடு முதலாளிக்குத் தேவையானதை மட்டும் எழுதும். அதனால்தான் 1930-இல் தங்கவயல் தொழிலாளர்கள் ரேகை வைத்துப் பதிய மாட்டோம் என்று வேலை நிறுத்தம் செய்தார்கள். ரேகையை வாங்கி வைத்துக்கொண்டு, வேண்டாதவனை வேறெங்கும் சேர விடாமல் தடுப்பார்கள் என்று அஞ்சினார்கள். அன்று மறுத்தது சரி. ஆனால் அவர்கள் பதிவேட்டை மறுத்த நாம், நமக்கென்று ஒரு பதிவேடு எழுதாமல் விட்டது தவறு.

ஆகவே சங்கத்தின் முன் மூன்று வேண்டுகோள்.

ஒன்று: சங்கத்தில் ஒரு குடும்பப் பதிவேடு தொடங்குங்கள். எந்த ஊரிலிருந்து வந்தோம், எந்த ஆண்டு, எந்த வேலை, எந்த லைன், எந்தப் பள்ளி. ஆண் பெயர் மட்டுமல்ல, பெண் பெயரும். சிறைக்குப் போனவன், ஓடிப்போனவன், குடித்துக் கெட்டவன் என்று யாரையும் விட வேண்டாம். யார் கையெழுத்து யாருக்கு உதவும் என்று நமக்குத் தெரியாது.

இரண்டு: வீட்டு டிரங்குப் பெட்டியில் கிடக்கும் பழைய காகிதம், ரேஷன் கார்டு, வேலைச் சீட்டு, பதக்கம், பித்தளை வில்லை எதையும் பழைய பேப்பர்காரனுக்குப் போடாதீர்கள். 1950-க்கு முந்திய பள்ளிப் பதிவேடு இருக்கும் இடத்தில் இன்றே நகல் வாங்குங்கள். செல் நமக்காகக் காத்திருக்காது.

மூன்று: 2021-இல் நடக்க வேண்டிய ஜனக் கணக்கு தள்ளிப்போய், 2027 மார்ச் 1-ஐ அடிப்படை நாளாக வைத்து நடக்கும் என்று 2025 ஜூனில் அரசு அறிவித்தது. இந்தத் தடவை சாதியும் எழுதுவார்கள். 1991 டிசம்பரில் காவிரிக் கலவரத்தில் பட்ட பயத்தில், தாய்மொழி என்ன என்று கேட்டால் வேறு மொழி சொல்கிற குடும்பங்கள் நம்மிடம் உண்டு. அவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் நாம் முன்னே சொன்ன 15-ஆவது பிரிவை நினைவில் வையுங்கள். நீங்கள் சொல்வதை எவரும் பார்க்க முடியாது. உங்களுக்கு எதிராக வழக்கில் காட்டவும் முடியாது. எங்களுக்கு ஆதாரம் கிடைக்காமல் செய்த அதே பிரிவுதான் உங்களுக்குக் காவல். தாய்மொழி தமிழ் என்று சொல்லுங்கள். கன்னடமும் தெரியும் என்று பெருமையோடு சேர்த்துச் சொல்லுங்கள். இரண்டும் உண்மைதானே!

எங்கள் வீட்டில் இப்போது அந்தப் பதக்கத்தை வெற்றிலைப் பெட்டியில் வைப்பதில்லை. பாட்டனார் படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறோம். கீழே அட்டையில் பேத்தி அவர் பெயரை எழுதியிருக்கிறாள். சங்கப் பதிவேடு வந்ததும் முதல் பக்கத்தில் அந்தப் பெயரை எழுத எங்களுக்கு அனுமதி கொடுங்கள்.